தூக்க ஆளில்லாத பெட்டி

உஷாராணி முப்பது வருஷமாகப் பேஸ் கித்தார் வாசிக்கிறாள். அதில் பதினெட்டு வருஷம் தன் ஆம்ப்ளிஃபையரை அவள் தூக்கியதில்லை. கணவன் வீரன் தூக்கினான்.

கல்யாணமான புதிதில் வாங்கிய பெட்டி அது. பதினைந்து அங்குல ஸ்பீக்கர், தடித்த பலகை, மூலைக்கு மூலை இரும்புக் கவசம். வாங்கிய அன்றே கடைக்காரர், “ரெண்டு பேரா புடிங்க, இடுப்பு போயிரும்,” என்று எச்சரித்தார். வீரன் சிரித்துக்கொண்டே முழங்காலை மடக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்து எழுந்தான். தோட்டத்திலிருந்து எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன் அவன். கனம் அவனுக்குப் புதிதில்லை.

அதற்குப் பிறகு மண்டபமோ, தோட்டத்துக் கோயில் திருவிழாவோ, எங்கே வாசிக்கப் போனாலும் அவனும் கூட வந்தான். பெட்டியை மேடையில் இறக்கி வைத்துவிட்டு நேராக மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடப்பான். ஒரு சுரத்தின் பேர் அவனுக்குத் தெரியாது. ஆனால் சத்தம் சுவரில் மோதிக் குழம்புகிறதா, சுத்தமாக வருகிறதா என்று தெரியும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் குறைக்க வேண்டும். மல்லாத்தினால் கூட்ட வேண்டும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான் என்றால் சரியாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் அவன் செய்கிற வேலை அவ்வளவுதான். பிறகு யாரோடாவது உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

போன தீபாவளி கழிந்த வாரம், மில்லில் லோரியை நிறுத்திவிட்டு இறங்கும்போது வீரன் படியிலேயே சரிந்தான். ஸ்ட்ரோக். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு முழுதாகப் போகவில்லை. ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் அவன் எங்கேயோ தொலைந்துபோய்த் திரும்பி வந்தான். இடது கையில் கோலைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஹாலுக்கு வருவதே பெரிய பயணமாயிற்று. வலது காலில் தொட்டாலும் தெரியவில்லை, சுட்டாலும் தெரியவில்லை. ஒருநாள் கொசுவர்த்திச் சுருள்மேல் அந்தக் காலை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். தோல் கருகிய வாடைதான் உஷாவை அடுக்களையிலிருந்து ஓடிவர வைத்தது.

அவள் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். காலையில் அவனைக் குளிப்பாட்டிவிட்டுப் போய், மாலையில் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்து சமைப்பாள். பல மாதம் பேஸைத் தொடவில்லை. பெட்டி ஹால் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது.

இசைக்குழுவை நடத்தும் யுவனேஸ்வரன்தான் ஃபோன் பண்ணினான்.

“அக்கா, கோலசிலாங்கூர்ல ஒரு கல்யாணம். நீங்க இல்லாம கீபோர்டுல பேஸ் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்கேன். நல்லாவே இல்லலா. வாங்கக்கா.”

வீரனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். “போ,” என்றான். அந்த ஒரு சொல் சுளுவாக வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவனைப் பார்த்துக்கொள்ள உஷாவின் தங்கச்சி திலகம் வந்துவிட்டாள். குழு ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வர நேரமானது. சும்மா நிற்பானேன் என்று உஷா பெட்டியை வாசல்வரை இழுத்து வந்தாள். கார் வாசலிலேயே நின்றது. ஒரு முனையைப் பின்கதவு விளிம்பில் சாய்த்துவிட்டால் மற்ற முனையைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். சாய்த்தாள். தள்ளும்போது பெட்டி திரும்பிச் சரிந்து, இரும்பு மூலை அவள் கால் பெருவிரலில் இறங்கியது.

அவள் போட்ட சத்தம் கேட்டு வீரன் எழுந்தான். கோலை எடுக்க மறந்து எழுந்தான். இரண்டடிகூட வைக்கவில்லை, கதவுநிலையில் தோள் இடிபட்டுத் தரையில் விழுந்தான். திலகம் பின்கட்டிலிருந்து ஓடிவந்தபோது அக்கா வெளியே விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மாமா உள்ளே குப்புறக் கிடந்தார். யாரை முதலில் தூக்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

குழு ஆட்கள் நேரத்துக்கு வந்து சேராததால் அன்றைக்குப் பெட்டி போகவில்லை. நகம் கறுத்த காலோடு உஷா பேஸை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

கித்தார் வாசிக்கிற ஜீவன், “என் ஆம்ப்ல சொருகிக்குங்கக்கா,” என்றான்.

“உன்னோடது கித்தாருக்குச் செஞ்சது தம்பி. என் தடிச்ச கம்பி போற ஆழத்துக்கு அந்த ஸ்பீக்கர் கிழிஞ்சி போயிரும்.”

யுவனேஸ்வரன் அவள் வயரை நேராக மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கியில் இணைத்தான். இப்போது பல குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன என்றான். சபைக்கு நன்றாகவே கேட்டது. மேடையில் நின்ற அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாடகர்களுக்கு முன்னால் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அவர்கள் குரல்தான் வந்தது. டிரம்ஸோடு சேர்ந்து போகிறோமா, பின்தங்குகிறோமா என்று தெரியாமல் விரலை நம்பி வாசித்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டின் நடுவில் வழிதவறி நின்றாள். யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே முடிவு செய்தாள். பெரியதை விற்றுவிட்டு, தன்னால் தூக்க முடிந்த ஒன்றை வாங்குவது. படமெடுத்து இணையத்தில் போட்டதும் சுங்கை சோவிலிருந்து ஷர்வின் என்ற இளைஞன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்தான். மரியாதையான பையன். செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

“வாசிச்சிப் பார்க்கலாமாக்கா?”

“தாராளமா பாருப்பா. கொஞ்சமா வையி, பக்கத்து வீடு ஒட்டுச்சுவரு.”

அவன் தன் பேஸை இணைத்து, தடித்த கம்பியைத் தட்டினான். தரை லேசாக அதிர்ந்தது. அறையில் படுத்திருந்த வீரன் கோலை ஊன்றி வெளியே வருவது கேட்டது. வந்தவன் ஷர்வினைப் பார்க்கவேயில்லை. பெட்டிக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கோலைச் சாய்த்து வைத்தான். இடது கையால் வலது காலைத் தூக்கிப் பெட்டியின் முகத்தில் வைத்தான். ஷர்வின் இன்னும் இரண்டு தடவை தட்டிவிட்டு நிறுத்தினான்.

“வே...ணா,” என்றான் வீரன்.

“என்னங்க?”

“விக்க... வேணா.”

ஷர்வின் உஷாவைப் பார்த்தான். வீரனைப் பார்த்தான். வயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, “பரவால்லக்கா. அங்கிள் மனசு மாறுனா மெசேஜ் போடுங்க,” என்று சொல்லி எழுந்தான்.

கார் போன சத்தம் அடங்கும்வரை உஷா காத்திருந்தாள். பிறகு பேசினாள். பேச வேண்டியதற்கு மேலேயே பேசினாள். “இத வச்சிக்கிட்டு என்ன செய்யச் சொல்றீங்க? பூஜை பண்ணவா? யாரு தூக்குவா இத? நீங்களா?”

சொன்ன வார்த்தையைத் திரும்பப் பிடிக்க முடியாது. வீரன் இடது கையால் காலை மெல்லக் கீழே இறக்கினான். கோலை எடுத்தான். அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தன் பலத்தின் சாட்சியாக அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள நினைக்கிறான் என்று உஷா எண்ணினாள். அந்த எண்ணம் அவளுக்குக் கோபத்தையும் அழுகையையும் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு நாள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் சத்தம் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் அவள் வேலையிலிருந்து வந்து தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். வீரன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். கோலைக் கதவில் சாய்த்துவிட்டு அவள் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தான்.

“வா... சி.”

“என்ன வாசிக்க? இப்பவா?”

“வாசி.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பேஸை மாட்டினாள். பெட்டியின் துணியை எடுத்துச் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தாள். வீரன் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்து, செத்த காலைத் தூக்கிப் பெட்டியில் வைத்தான். அவள் தடித்த கம்பியைத் தட்டினாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொலைதூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவன் முகம் போல் இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, இடது கையால் வலது பாதத்தைத் தொட்டுக் காட்டினான். கணுக்காலைக் காட்டினான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து விரலை நிறுத்தினான்.

“இங்க... வருது.”

“என்னாங்க வருது?”

“சத்தம்.” வாயைக் கோணிக்கொண்டு அடுத்த வார்த்தையைத் தேடினான். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள். “கால்... என் கால்... இருக்கு.”

உஷா மறுபடி தட்டினாள். அவன் விரலை உயர்த்தினான். மெல்லிய கம்பியைத் தட்டினாள். இல்லை என்று தலையாட்டினான். திரும்பத் தடித்த கம்பிக்கு இறங்கினாள், விரல் உயர்ந்தது. அவள் கண் நிறைந்து கம்பி தெரியாமல் போனது. தெரியாமலேயே வாசித்தாள். இந்த மனிதனைப் பார்த்து, நீங்களா தூக்குவீர்கள் என்று கேட்டோமே என்று நினைத்தபோது கை தளர்ந்தது. அவன், “ம்ம்,” என்று அதட்டினான். நிறுத்தாதே என்கிறான். வாசித்தாள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பிசியோதெரபி செய்கிற நிருபாவிடம் நடந்ததைச் சொன்னாள். நிருபா ஒரு கருவியைத் தட்டி அதிரவிட்டு அவன் கணுக்கால் எலும்பில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“கொஞ்சம் இருக்குது ஆன்ட்டி. சூடு, குத்து எல்லாம் ஒரு வழியா மேல போகும். அதிர்வு வேற வழியா போகும். இவருக்கு அது முழுசா அறுந்து போகேல்ல.”

“அப்ப கால் திரும்ப வருமாம்மா?”

நிருபா கருவியைக் கீழே வைத்தாள். “அப்பிடிச் சொல்ல மாட்டன். நடக்கிறது வேற விஷயம். பொய்யா நம்பிக்கை குடுத்தா நாளைக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க.” அவள் வீரனின் பாதத்தைத் துணியால் மூடினாள். “ஆனா அவருக்குப் பிடிச்சிருக்கெண்டா வாசியுங்கோ. காலை மறக்காம இருக்கிறதும் ஒரு நல்லதுதான்.”

வீட்டுக்கு வந்ததும் உஷா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். விசுவலிங்கம் ஐயா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கண்ணாடி அலமாரி. பேஸின் ஆழமான சத்தத்தைச் சுவர் தடுக்காது என்று அவளுக்குத் தெரியும். மற்ற சத்தமெல்லாம் அடைபடும், இது மட்டும் செங்கல் வழியாக நடந்து போகும். விஷயத்தைச் சொல்லி, தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன கிழமையும் கேட்டது. கப் எல்லாம் கிணுகிணு எண்டது. நான் நிலநடுக்கமாக்கும் எண்டு வெளியில ஓடி வந்தன் பிள்ளை.” பிறகு குரலைத் தாழ்த்தி, “வீரனுக்கு நல்லது எண்டா வாசியுங்கோ. அலமாரிய நான் மற்றப் பக்கம் தள்ளி வைக்கிறன்,” என்றார்.

ஆக, பெரிய பெட்டி வீட்டோடு என்று முடிவாயிற்று. மேடைக்கு வேறொன்று வேண்டும். ஊரெல்லாம் வீட்டுக்குச் சின்னதும் மேடைக்குப் பெரியதும் வைத்துக்கொள்ளும். இவள் வீட்டில் அது தலைகீழாக ஆனது.

ரவாங்கில் ஒரு கடைக்குப் போனாள். விற்பனைக்கு நின்றவன் வரிசையாக நான்கைந்தைக் காட்டி, வாசித்துப் பார்க்கச் சொல்லி ஒரு பேஸை நீட்டினான்.

“மொத தூக்கிப் பார்க்கிறேன். அப்புறம் கேட்டுக்கிறேன்,” என்றாள் உஷா.

அவன் விழித்தான். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். தூக்கிக்கொண்டு கடைவாசல்வரை நடந்தாள், திரும்பி வந்தாள். ஒன்று நல்ல சத்தம், ஆனால் கைப்பிடி மேலே இல்லாமல் பக்கத்தில் இருந்தது. ஒன்று இறகு மாதிரி இருந்தது, தடித்த கம்பியைத் தட்டினால் தகர டப்பாவாகப் பேசியது. கடைசியில் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தது. சந்தைப் பை அளவுதான் கனம். சத்தத்தில் ஆழம் குறைவு, ஆனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது. பின்னால் ஒரு துளை இருந்தது. அதிலிருந்து வயர் இழுத்து மண்டபத்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிடலாம். சபைக்கு அது பாடும், அவளுக்கு இது பாடும்.

“இது போதுமாக்கா? பெரிய ஹாலுக்குப் பத்தாதே,” என்றான் விற்பனைக்காரன்.

“ஹாலுக்கு இல்லப்பா. எனக்கு நான் கேட்டா போதும்.”

ஒரே கையால் அதைக் காருக்குக் கொண்டுபோனாள். ஒரு கையால் தூக்கலாம் என்றால் வீரனும் தூக்கலாமே என்று ஒரு கணம் மனசு துள்ளியது. அவனுடைய அந்த ஒரு கை கோலுக்கு வேண்டும் என்று உடனே நினைவு வந்தது. பின்கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அடுத்த கல்யாணம் தஞ்சோங் காராங்கில், பகல் விருந்து. தண்ணீர்க் கால்வாய் ஓரமாகவே கார் ஓட்டிப் போனாள். இரண்டு பக்கமும் வயல் பச்சையாக நின்றது. மண்டபத்தில் யுவனேஸ்வரன் ஓடிவந்து பெட்டியை வாங்கக் கை நீட்டினான். “வேணாம்பா, நானே கொண்டாறேன்,” என்று படியேறினாள். அவள் வயசுக்கும் முழங்காலுக்கும் அது சரியாக இருந்தது. தரையில் வைத்தால் சத்தம் கணுக்காலோடு போய்விடும் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏற்றி, காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தாள்.

டிரம்ஸ் தட்டிப் பார்க்கும் நேரம் வந்தது. பழக்கத்தில் அவள் கண் கடைசி வரிசையைத் தேடியது. அங்கே மேசை விரிப்புப் போடும் பெண்கள் இருந்தார்கள். நீளமான வயரை மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே மேடையை விட்டு இறங்கி, மேசைகளுக்கு நடுவில் நடந்து, வயர் போகிற தூரம்வரை போய் நின்று கேட்டாள். கொஞ்சம் குழம்புகிறது. திரும்பிப் பார்த்து யுவனேஸ்வரனுக்கு உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். அவன் குறைத்தான். சரியாயிற்று.

விருந்து நன்றாகப் போனது. ஒரு பாட்டிலும் அவள் தவறவில்லை. டிரம்ஸின் உதையும் அவள் கம்பியும் ஒன்றாக விழுந்தன. ஜீவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஆனாலும் ஏதோ ஒன்று இல்லை. மூன்றாவது பாட்டில்தான் அது என்னவென்று பிடிபட்டது. பெரிய பெட்டி பின்னால் இருக்கும்போது ஒவ்வொரு சுரமும் காற்றாக வந்து அவள் சேலையை அசைக்கும், கெண்டைக்காலைத் தள்ளும். யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது சத்தம் காதுக்கு மட்டும் வந்தது. பின்னால் வெறும் இடம். இனி எந்த மேடையிலும் அது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வாசித்து முடித்தாள். மணப்பெண்ணின் அப்பா வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வீரன் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து உட்கார்ந்திருந்தான். திலகம் தேநீர் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

“எப்படி?” என்றான்.

“நல்லா இருந்துச்சிங்க. கேட்டுச்சி, தப்பு விடல.” அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “ஆனா பின்னால ஆளில்லாத மாதிரி இருந்துச்சி.”

அவன் வெகுநேரம் அவளைப் பார்த்தான். சொல்ல ஒன்று இருந்தது, அது வரவில்லை. வருவதற்குக் காத்திருந்தாள். அவன் கையை விரித்துக் காட்டி விட்டுவிட்டான்.

வழக்கமான நேரம் ஆயிருந்தது. உஷா பேஸை எடுத்துப் பெரிய பெட்டியில் இணைத்தாள். மாட்டப் போனவள் என்ன தோன்றியதோ, அதை வீரனின் மடியில் குறுக்காகப் படுக்க வைத்தாள். அவன் திகைத்தான். பதினெட்டு வருஷமாக இந்த வாத்தியத்தோடு ஊரெல்லாம் போயிருக்கிறான், ஒரு தடவையும் அதைத் தட்டிப் பார்த்ததில்லை. அவள் அவன் வலது காலைத் தூக்கிப் பெட்டியில் சாய்த்தாள். இடது கையை எடுத்துத் தடித்த கம்பியின் மேல் வைத்தாள்.

“நீங்களே அடிங்க.”

கட்டைவிரலால் ஒரு தட்டு. கம்பி கொஞ்சம் பிசிறியது. அவன் முகம் மாறியது. இடது கை அனுப்பியதை வலது கால் வாங்கிக்கொண்டது. சத்தம் முழுதாக ஓயும்வரை அசையாமல் இருந்துவிட்டு இன்னொரு தடவை தட்டினான். இந்தத் தடவை சுத்தமாக வந்தது.

உஷா ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனுக்கு அது பாட்டாக வேண்டியதில்லை. ஒரே கம்பி, ஒரே சுரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவனுக்கு வேண்டிய அளவு இடைவெளி. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, சேலையை முழங்கால்வரை இழுத்துக்கொண்டு, தரை வழியாக வருவதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்தது. விளக்குப் போட எழ வேண்டும் என்று நினைத்தாள், எழவில்லை. அவன் அடுத்ததைத் தட்டினான்.